அரசர் தடுத்தார், ஆர்க்கெஸ்ட்ரா கேட்கவில்லை

1415 அக்டோபர் 25. பிரான்சில் அஜின்கூர் என்ற ஊரின் வயல்வெளியில் எதிரிகளை நொறுக்கித் தள்ளிவிட்டு இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி ஊர் திரும்பினார். லண்டன் ஆடிப்பாடி வரவேற்றது. அரசரோ, வெற்றி கடவுளுடையது, என்னைப் புகழ்ந்து எவரும் பாட்டுக் கட்டக்கூடாது என்று தடை போட்டதாக ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல் சொல்கிறது.

தன்னடக்கம் என்பார்கள். எனக்கு வேறு சந்தேகம். நடந்ததை நடந்தபடி பாடினால் எந்த மெட்டிலும் உட்காராது. ஆர்ஃப்ளர் கோட்டையை முற்றுகையிட்டபோதே ஆங்கிலப் படையைப் பேதி பிடித்துக்கொண்டது. வில்லாளிகளில் பலர் அவசரத்தை முன்னிட்டு இடுப்புக்குக் கீழே ஒன்றும் அணியாமல் போரிட்டதாகப் பேச்சு. எதிரே இரும்புக் கவசத்தில் பிரெஞ்சுப் பிரபுக்கள். முந்தைய இரவு கொட்டிய மழையில் உழுத வயல் முழங்கால் சேறு. விழுந்தவர் எழவில்லை, எழ முயன்றவர் மேல் பின்னால் வந்தவர் விழுந்தார். கடைசியில், பிடித்துவைத்த கைதிகளைக் கொல்லச் சொன்னார் அரசர். இதற்கு எந்த ராகம் போடுவது?

ஆனாலும் பாட்டு வந்துவிட்டது. அந்த நூற்றாண்டு முடியுமுன்பே ‘அஜின்கூர் கேரல்’ தயார். 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் முழு நாடகமே எழுதினார். அவர் மேடையில் குதிரை ஏறாது. அதனால், குதிரை என்று நாங்கள் சொன்னால் நீங்களே குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள் என்று கட்டியங்காரனை விட்டு ரசிகர்களிடம் கெஞ்சவைத்தார். தயாரிப்புச் செலவைக் குறைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் குதிரைகள் வர 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹிட்லரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டனுக்கு, ஐரோப்பாவில் போய் இறங்கி ஜெயித்த ஓர் அரசர் அவசரமாகத் தேவைப்பட்டார். நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் அந்த நாடகத்தைப் படமாக்க, தானே நடித்து இயக்கப் புறப்பட்டார். இங்கிலாந்து வானில் போர் விமானங்கள் பறந்துகொண்டிருந்ததால், போர்க்காட்சியை நடுநிலை நாடான அயர்லாந்தில், பவர்ஸ்கோர்ட் எஸ்டேட்டில் எடுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்புதான் ஆங்கிலேயரை விரட்டியிருந்த ஐரிஷ்காரர்கள், இப்போது கூலி வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரை ஜெயிக்கவைத்தார்கள். சொந்தக் குதிரையோடு வந்தவருக்குக் கூலி கூடுதல். வளையக் கவசத்துக்கு இரும்பு ஏது? பின்னலாடைக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து மாட்டிவிட்டார்கள்.

கம்பளிக் கவசத்துக்கு இரும்பின் கனத்தைக் கொடுக்கும் வேலை இசையமைப்பாளர் வில்லியம் வால்டனிடம் வந்தது. போர்க்காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். படுமோசமாக ஓட்டினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிரச்சாரப் படங்களுக்கு இசையமைத்தால் போதும் என்று ராணுவச் சேவையிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது அரசாங்கம். நோயாளிகள் பிழைத்தார்கள். ஆனால் வால்டனுக்குப் புதுத் தலைவலி: குறுக்குவில்லுக்கும் நெடுவில்லுக்கும் இசையில் எப்படி வித்தியாசம் காட்டுவது என்று ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

காட்டியது என்னவோ அமர்க்களம்தான். மியூர் மாத்திசன் நடத்த, லண்டன் சிம்பனி வாசித்தது. பிரெஞ்சுக் குதிரைகள் மெல்ல நடக்கும்போது முரசும் மெல்ல நடக்கிறது. குதிரை வேகமெடுக்க, தாளமும் வேகமெடுக்கிறது. பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து உச்சத்துக்குப் போகின்றன. ஒலிவியரின் வாள் இறங்குகிறது. இசை சட்டென்று நிற்கிறது. அம்புகளின் ‘விஷ்க்’ மட்டும். நிஜத்தில் பிரெஞ்சுக்காரரில் பெரும்பாலோர் சேற்றில் கால்நடையாகத்தான் வந்தார்கள் என்று அந்த நேரத்தில் எவன் யோசிப்பான்?

இசைக்கு உட்காராதவற்றை ஒலிவியர் முன்பே கத்தரித்திருந்தார். கைதிகளைக் கொல்லும் ஆணை போயிற்று. பழைய கூட்டாளி பார்டால்ஃப் தூக்கில் தொங்கியது போயிற்று. சொந்தப் பிரபுக்கள் செய்த சதியும் போயிற்று. நாடகத்தில் வாய்வார்த்தையாக மட்டும் வரும், அரசரின் பழைய தோழர் ஃபால்ஸ்டாஃபின் சாவுக்கு மட்டும் கட்டில் போட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் ஒரே கீழ்ச்சுர வரிசை மேல் வால்டன் தந்திகளை அழவிட்டார். அரசர் கைகழுவிய கிழவனுக்கு அரசரைவிட நல்ல இசை.

சமாதானக் காட்சியில் இன்னொரு குறும்பு. பிரான்ஸ் பாழாய்ப்போனதைப் பர்கண்டி பிரபு விவரிக்கும்போது பின்னால் ஒலிப்பது பிரான்சின் ஓவெர்ன் வட்டார நாட்டுப்பாடல். கான்டலூப் தொகுத்த ‘பைலேரோ’. தோற்றவர்களிடமிருந்து, அரசருக்கு மணப்பெண்ணான இளவரசியோடு மெட்டையும் சீராக வாங்கியாயிற்று. படம் முடியும்போது கோரஸ் முழங்குவதோ அதே அஜின்கூர் பாட்டு. தடையை மீறியதற்கு வழக்குப் போட அரசர் இல்லை. இறந்து 522 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1944இல் படம் வந்தபோது, காலம் பார்த்து அடித்த முரசு என்று பிரிட்டன் பூரித்தது. அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் போரே முடிந்துவிட்டது. ஆஸ்கர் மேடையில் ஒலிவியருக்குச் சிறப்பு விருது. வால்டனின் இசைக்குப் பரிந்துரை மட்டும். விருதைத் தட்டிப் போனது ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபர் இசையமைத்த ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’. சண்டை முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்கள், ஊரில் ஒட்ட முடியாமல் திண்டாடும் கதை. போருக்குப் போகும்வரைதான் முரசு எடுபடும் போலிருக்கிறது.

வால்டனுக்கு 1951இல் ‘சர்’ பட்டம் வந்தது. நிச்சயமாக ஆம்புலன்ஸ் ஓட்டியதற்கு இல்லை.