ஃபிரேமுக்கு 450 ரூபாய்

எங்கள் மேலாளர் வருகிற 31ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். மாலைக்கு வசூல், பிரியாணிக்கு வசூல். வாழ்த்து மடல் எழுத மட்டும் வசூல் இல்லை. "அதான் நம்ம எழுத்தாளர் இருக்காரே!"

அது நான்தான். விடிகாலை நாலரைக்கு எழுந்து கதை எழுதிவிட்டு, பத்து மணிக்கு நகைக்கடன் சீட்டு எழுதுகிற கூட்டுறவு வங்கி எழுத்தர். இரண்டில் ஒன்றுக்குத்தான் சம்பளம்.

ஏழு வருடத்தில் ஒரே ஒரு தொகுப்பு. "நூறு பிரதியை நீங்களே எடுத்துக்கிட்டா போட்டுடலாம்" என்றார் பதிப்பாளர். டி.டி.பி.க்காரர், அச்சகம், பைண்டிங், வெளியீட்டு விழா மைக்செட் என்று எல்லாருக்கும் கூலி போனது. தலைமை தாங்கியவர் கார் வாடகையை வாங்கிக்கொண்டு, புத்தகத்தைப் படிக்க நேரமில்லாமல் போனதை முக்கால் மணி நேரம் விளக்கினார். எழுதியவனுக்குப் பொன்னாடை. அதையும் நானே வாங்கி, விழாக்காரர்களிடம் கொடுத்து வைத்திருந்தேன்.

கேட்டால், எழுத்து ஒரு தவமாம். தவத்துக்கு யாராவது கூலி கேட்பார்களா? சொல்கிற அத்தனை பேரும் மாதம் பிறந்தால் சம்பளம் எண்ணுகிறவர்கள். பத்து ரூபாய் டீயை ஓசியில் குடிக்கக் கூசுவார்கள். "எனக்கொரு காப்பி குடுங்க சார்" என்று ஏழு வருட உழைப்புக்குக் கை நீட்டக் கூசவே மாட்டார்கள்.

அரசும் அப்படித்தான். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோமே, அந்தச் சட்டம்தான். அதே 1948இல் புதுமைப்பித்தன் காசநோயில், வறுமையில், 42 வயதில் செத்துப்போனார். அவர் எழுத்தை அரசு நாட்டுடைமையாக்கியது 2002இல். ஐம்பத்து நாலு வருடம்! அவருக்கே அப்படி என்றால், எனக்கு முதலில் சாகிற வேலை பாக்கி இருக்கிறது.

மேலாளருக்கும் ஒரு பிரதியைக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மறுநாள் அது அவர் மானிட்டருக்கு அடியில் இருந்தது. "உயரம் கச்சிதம்பா, கழுத்துவலியே போயிடுச்சு" என்றார். அடுத்த வாரம் ஒரு சீட்டில் தேதி மாறிப்போனதற்கு, 'கதை எழுதும் கவனத்தில்' என்று குறிப்பிட்டு மெமோ கொடுத்தார்.

அவருடைய கருணை உள்ளத்தைப் பற்றிப் பதினாறு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். பிரிண்டுக்கு 150, ஃபிரேமுக்கு 450. கடைக்காரர் கடன் சொல்ல விடவில்லை.

நேற்று மாலை காசாளர் நோட்டோடு வந்து நின்றார்.

"சார், ஃபிரேம் செலவுல உங்க பங்கு 50 ரூபா இன்னும் வரல."