ரெட்மி வந்திருக்காரா?

என் குரல் நாலு வகுப்பறை தாண்டிக் கேட்கும். "சார், நீங்க நடத்துற பின்னத்தை என் பசங்களும் சேர்த்துப் படிக்கிறாங்க" என்று பக்கத்து வகுப்புத் தமிழாசிரியர் நொந்துகொண்டதுண்டு. அப்பேர்ப்பட்ட என்னிடம் 2020-இல் ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் சொன்னான்: "சார், நீங்க மியூட்ல இருக்கீங்க."

எங்கள் உயர்நிலைப் பள்ளி ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மார்ச்சில் பூட்டிய பள்ளியில் ஆகஸ்டில் சேர்க்கை மட்டும் நடந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் வரவில்லை, செல்போன் எண்கள்தான் வந்தன.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. அது 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிய சேனல். கொரோனா வரப்போவது யாருக்கோ முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று எங்கள் ஆசிரியர் அறையில் இன்றைக்கும் ஒரு சந்தேகம் உண்டு. 2018-இல் வந்த புதுப் பாடப்புத்தகத்திலேயே கியூ.ஆர். கோடும் இருந்தது. அச்சுக் கோளாறு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டியவன் நான்.

டிவி போதாதென்று ஆன்லைன் வகுப்பும் எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியர். நேரம், இரவு ஏழரை. வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய் அப்பாவோடுதான் திரும்பும்.

வருகைப்பதிவு எடுக்கத் திரையைப் பார்த்தால் மாணவர் பெயர் ஒன்றுகூட இல்லை. 'ரெட்மி', 'அம்மா', 'முருகன் துணை', 'பால் டிப்போ'.

"ரெட்மி வந்திருக்காரா?"

"உள்ளேன் ஐயா!" மூன்று குரல்கள்.

"முருகன் துணை?"

"அவன் சாப்பிடுறான் சார்" என்றது ஒரு பாட்டியின் குரல்.

டேட்டா தீர்ந்துவிடுமென்று யாரும் கேமராவைப் போடுவதில்லை. அதனால் காதுதான் கண். குக்கர் விசிலடித்தால் அது 'அம்மா'. சீரியல் பாட்டு கேட்டால் 'முருகன் துணை'. மூன்று ரெட்மிகளில் ஒன்றின் வீட்டில் ஆடு இருந்தது. வேற்றினப் பின்னங்களைக் கூட்டும்போதெல்லாம் கத்தும். அதில் நியாயமும் இருந்தது. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்பேன். ஆடு மட்டும் பதில் சொல்லும்.

மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் நடத்துவதில் முப்பது வருஷமாகப் பெயர் வாங்கியவன் நான். இலவச செயலி சரியாக நாற்பதாவது நிமிடம் என் வாயை அடைத்துவிடும்.

தேர்வு வாட்ஸ்அப்பில். எல்லாருக்கும் 25-க்கு 25, அதுவும் முதிர்ந்த கையெழுத்தில். ஒரே ஒரு தாளில் மீச்சிறு பொது மடங்கு தப்பாக இருந்தது. அந்த அப்பாவுக்குப் பாதி மதிப்பெண் போட்டேன்.

2021 நவம்பர் 1 அன்று எட்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளி திறந்தது. என் பிள்ளைகள் இப்போது ஏழாம் வகுப்பு. வரிசையாக முகக்கவசங்கள். பதிவேட்டில் இருந்த பெயர்களை வாசித்தேன். ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" என்றார்கள். எனக்கு ஒருவரையும் தெரியவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினான். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"என்னைத் தெரியலையா சார்? நான்தான் சார்... ஆடு."

"அடடே, நீயாடா! ஆடு நல்லா இருக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வியாழக்கிழமை தீபாவளி இல்ல சார்... நேத்துதான் வித்தாங்க."

அன்றைக்குப் பின்னத்தை நான் தொடவில்லை. வடிவியலில் ஆரம்பித்தேன்.