உச்சிமாடத்தில் யார் குடியிருக்கிறார்கள்?

கேள்வி: கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம். பெரிய குவிமாடத்தின் தலையில் சில இடங்களில் ஒரு குட்டி மாடம் வைக்கிறார்களே, அது வெறும் பகட்டுத்தானே?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: கொழும்பு வாடகை போகும் போக்கில் அதற்கும் ஆள் வரலாம், இப்போதைக்குப் புறாக்கள்தாம். ஆனால் பகட்டு என்று தள்ளிவிடாதீர்கள். உச்சியில் திறப்பு விட்டால் வெளிச்சம் இறங்கும், சூடான காற்று மேலேறி வெளியேறும். மழை மட்டும் உள்ளே வரக்கூடாது. பக்கச் சன்னல்கள் உள்ள குட்டி மாடம் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. புளோரன்சில் 1436இல் முடிந்த புருனெலெஸ்கியின் குவிமாடத்தில் குட்டி மாடத்தின் பளிங்குப் பாரமே விலா வளைவுகளை உச்சியில் அழுத்திப் பிடிக்கிறது. 'மின்விசிறியும் கொங்கிரீட்டும் வந்தபின் எதற்கு?' என்பீர்கள். நியாயம்தான், புதுக் கட்டடங்களில் பெரும்பாலும் அது தொப்பியே. அசல் பகட்டு வேண்டுமானால் 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தைப் பாருங்கள்: ஒல்லாந்தர் கூரை உச்சியில் பித்தளைச் சிங்கத்தை நிறுத்தினார்கள், 1856இல் இடி விழுந்து போய்விட்டது. பயனுள்ள மாடமோ வாகனமேறிவிட்டது. போர்த்தாங்கியின் தளபதி தலையை நீட்டாமல் சுற்றிலும் பார்ப்பது அதன் வழியாகத்தான். 2010இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஏழு சன்னல்களோடு ஒன்றைப் பொருத்தினார்கள்; அங்கே புறாத் தொல்லையும் இல்லை.