நேரடிப் பிரஜை

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை எழுதியவர்கள் உண்டு; அதற்கு வியாக்கியானம் செய்து பேரும் பொருளும் ஈட்டிய சட்டத்தரணிகள் உண்டு; அது தந்த ஜனாதிபதிப் பதவியை ஒழித்தே தீருவேன் என்று மேடைதோறும் பிரதிக்ஞை செய்து, அந்தப் பிரதிக்ஞையின் பலத்தாலேயே அதே ஆசனத்தில் போய் அமர்ந்துகொண்டவர்களும் ஒருவர் இருவரல்லர். ஆனால் அதை மனப்பூர்வமாக நம்பியவர் ஒருவரைக் காட்டு என்று கேட்டால், வலிகாமத்தில் ஏதேனுமொரு சந்தியில், பூட்டிய கடையின் விறாந்தையில், பத்திரிகையை நாலாக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணரைத்தான் நான் காட்டுவேன். ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றுவது ஒன்று நீங்கலாக, இந்தப் பதவியால் ஆகாத காரியம் எதுவுமில்லை என்று அக்காலத்தில் ஒரு பேச்சு உலாவியது, ஜே. ஆர். ஜயவர்த்தனவே சொன்னாரென்பார்கள். அதைக் கேட்டுச் சிலர் அஞ்சினார்கள், சிலர் நகைத்தார்கள். அண்ணர் அதைக் குறித்து வைத்துக்கொண்டார். சகல அதிகாரமும் ஒருவர் கையில் என்றால் சகல பொறுப்பும் அவர் தலையில் என்பது அவருடைய வியாக்கியானம். அதில் பிழை காண்பதற்கு என் சட்ட அறிவு போதாது.

அண்ணர் என்று நான் குறிப்பிடுவது ஒரு தனி மனிதரையல்ல. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபராக இருக்கலாம். வெங்காயமும் புகையிலையும் செய்யும் கமக்காரராக இருக்கலாம். மூன்று பிள்ளைகளைப் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பிவிட்டு, எட்டு அறை வீட்டுக்குக் காவலிருப்பவராகவும் இருக்கலாம். கட்சி அவருக்குக் கிடையாது. ஆனால் வருஷப்பிறப்பு, நல்லூர்க் கொடியேற்றம், தீபாவளி என்ற வரிசையில், ஜனாதிபதி சத்தியப்பிரமாணம் செய்யும் தினமும் அவருக்கு ஒரு விசேஷ தினம். அன்று காலையிலேயே முகச்சவரம் செய்துகொண்டு சந்திக்கு வந்துவிடுவார். வீதியால் போகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பார், மாற்றம் எங்காவது தொடங்கிவிட்டதா என்று.

இந்த நம்பிக்கை நேற்று முளைத்ததல்ல. 1994ஆம் ஆண்டு நவம்பரில் சந்திரிகா குமாரதுங்க நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு வாக்குகளோடு வெற்றியடைந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே செய்தி கேட்க விரும்பிய வீட்டார் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து வானொலிப் பெட்டிக்கு வயர் கொடுத்து, மறுத்துப் பேசத் தெரியாத ஒரு பையனைப் பிடித்து மிதிகட்டையைச் சுற்றச் சொல்வது வழக்கமாயிருந்தது. பையன் உற்சாகமாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவர் உற்சாகமாக வாசிப்பார். அவன் கை சோர்ந்தால் அவருக்கும் தொண்டை கம்மிவிடும். 'சமாதானம்' என்ற சொல் அன்று அந்தப் பெட்டிக்குள்ளிருந்து மூன்று தவணையாக வெளியே வந்தது. (நாட்டுக்கு வந்தது ஒரே தவணையில்; 1995 ஜனவரியில் ஆரம்பித்த போர்நிறுத்தம் ஏப்ரலோடு முடிந்துபோயிற்று.) யுத்தம் நிற்குமா, நிற்காதா என்று பெரியவர்கள் தர்க்கித்துக்கொண்டிருக்க, அப்போது இளைஞராயிருந்த அண்ணர், பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, துருவேறிய கம்பிச்சுருள்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா செய்யிறாய்?" என்று தகப்பனார் கேட்டார்.

"இனிப் பற்றரி வருமெல்லே, ஐயா."

2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன பதவியேற்று இரண்டு கிழமைக்குள், 150 ரூபாயாக இருந்த பெற்றோல் 117 ரூபாயாக இறங்கியது. அண்ணரைக் கெடுத்தது அதுதான் என்பது என் அபிப்பிராயம். வாக்குப் போட்டால் விலை இறங்கும் என்ற சித்தாந்தத்துக்கு ஒரேயொரு பிரத்தியட்சச் சான்று கிடைத்துவிட்டால் போதும். அதன்பின் அதை அசைக்க ஆயிரம் எதிர்ச்சான்று கொண்டுவந்தாலும் ஆகாது. 2019இல் கோத்தாபய ராஜபக்ஷ வந்தவுடன் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினைந்திலிருந்து எட்டுக்கு இறங்கிற்று. அண்ணர் அவருக்கு வாக்களித்தவரல்லர். ஆனாலும் வரி குறைந்தது வேண்டாமென்று சொல்லவில்லை. 2022இல் லீற்றர் 470 ரூபாய்க்குப் பெற்றோல் வாங்க இரவிரவாக வரிசையில் நின்றபோது மட்டும், தாம் வாக்களிக்காத விஷயத்தை முன்னாலும் பின்னாலும் நின்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்த வருஷம் பாராளுமன்றம் தெரிவுசெய்த ரணில் விக்கிரமசிங்கவிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. தன்னைக் கேளாமல் வந்தவரிடம் தான் போய்க் கேட்பதாவது என்ற ரோஷம்.

2024ஆம் ஆண்டு செப்டெம்பர்த் தேர்தலில் முப்பத்தெட்டுப் பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டின் நீளம் 27 அங்குலம். அதாவது ஒன்றரை முழம். கோயில் வாசலில் மாலை வாங்கியவன் முழம் சரியா என்று பார்ப்பதைப்போல, அண்ணர் அதை இரண்டு கையாலும் பிடித்து நீட்டிப் பார்த்த பின்னரே மறைப்புக்குள் போனார். உள்ளே என்ன செய்தார் என்பது இரகசியம். ஆயினும் முதல்நாள் மாலைவரையில் அவர் சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளருக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டிருந்தார் என்பதற்குத் தேத்தண்ணிக் கடைக்காரரும் நானும் சாட்சி. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுவதிலும் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்த முதல் விருப்பு வாக்குகள் 27,086. எவரும் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டாமையால், சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணி, அவரே ஜனாதிபதியென்று அறிவித்தார்கள். மறுநாள் எங்கள் சந்தியில் "நானும் அவருக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டவர்களின் தொகையைப் பார்த்தால், அந்த 27,086 பேரும் எங்கள் குறிச்சியிலேயே குடியிருந்தார்கள் என்று கொண்டாலொழியக் கணக்குச் சரிவராது. "ரெண்டாம் விருப்பு அவருக்குத்தான் போட்டனான்" என்றார் அண்ணர். சீட்டில் அது இருந்ததோ இல்லையோ, மனத்தில் இருந்திருக்கக்கூடும். ஏனென்றால் நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அநுரவின் கட்சி எண்பதினாயிரத்துக்கு மேல் வாக்குப் பெற்று, யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைக் கொண்டுபோயிற்று. அண்ணர் பொய் சொல்லவில்லை, சற்று முந்திச் சொன்னார் என்றுதான் கொள்ளவேண்டும்.

புதிய ஜனாதிபதி தம்மையும் சேர்த்து மூவரை மாத்திரம் கொண்ட ஒரு மந்திரிசபையோடு ஆட்சியைத் தொடங்கியது அண்ணரைப் பரவசப்படுத்திவிட்டது.

"பாத்தியே தம்பி! மூண்டு பேர் ஒரு நாட்டைக் கொண்டு நடத்துகினம். எங்கட கந்தோரிலை ஒரு முத்திரை குத்த நாலு மேசை ஏறி இறங்கவேணும்."

தாம் மந்திரவாதியல்ல, சாதாரண பிரஜை, தமக்குத் தெரிந்ததும் உண்டு தெரியாததும் உண்டு என்று ஜனாதிபதி பதவியேற்கும்போதே சொன்னதை நான் பிரஸ்தாபித்தேன். "கெட்டிக்காரர் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று அண்ணர் ஒரே வாக்கியத்தில் அதைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

சத்தியப்பிரமாணத்துக்கு மறுநாள் அவர் சுன்னாகச் சந்தைக்குப் போனார். ஒரு தேங்காயைக் கையிலெடுத்து, காதருகே பிடித்துக் குலுக்கி, "இப்ப என்ன விலை?" என்று கேட்டார். அந்த 'இப்ப' என்ற சொல்லில் ஒரு தனி அழுத்தம் இருந்தது. வியாபாரி பழைய விலையையே சொன்னான்.

"நேற்றெல்லோ ஆட்சி மாறினது?"

"ஆட்சி மாறினது நேற்று, அண்ணை. இந்தத் தேங்காய் விழுந்தது போன கிழமை."

நியாயமான மறுமொழிதான். ஆனால் புதிய ஆட்சியில் விழுந்த தேங்காய்களும் காலக்கிரமத்தில் சந்தைக்கு வந்துசேர்ந்தன. வந்தவை இருநூறு ரூபாயை எட்டிப் பிடித்தன. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்றுவதற்குத் தென்னைக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் வேண்டும். ஆகையால் எந்த ஜனாதிபதியும் தமது முதலாம் வருஷத்தில் அனுபவிப்பது முந்தியவர் காலத்துக் குரும்பையைத்தான். இதை நான் விஸ்தாரமாக விளக்கியபோது அண்ணர் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்ப அடுத்த வருஷம் பாப்பம்" என்று தென்னைக்குத் தவணை கொடுத்தார். அவருடைய பொறுமையைக் குறைவாக மதிப்பிடக்கூடாது. அவசரக்காரர்தாம் ஏமாறுவார்கள்; அண்ணர் தவணைக்காரர்.

அவர் ஜனாதிபதிக்கு எழுதிய விக்ஞாபனத்தைப் பார்க்கும் பாக்கியமும் எனக்கு வாய்த்தது. பேரப்பிள்ளையின் கொப்பியில் நடுத்தாளைக் கழற்றி, 'அதிமேதகு ஜனாதிபதி அவர்கட்கு' என்று தொடங்கி, இரண்டு பக்கமும் அச்செழுத்தாக எழுதியிருந்தார். முதலாவது, வருஷக்கணக்காகச் சிறையிலிருக்கும் தமிழ்க் கைதிகளை விடுதலை செய்தல். இரண்டாவது, இராணுவத்தின் கையிலுள்ள காணிகளை உரியவர்களிடம் ஒப்படைத்தல். மூன்றாவது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு ஒரு மறுமொழி சொல்லுதல். இந்த மூன்றையும் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். சிரிப்பவர்களோடு எனக்குச் சம்பாஷணையும் இல்லை. நான்காவதிலிருந்துதான் அண்ணர் தம் சொந்த நடைக்கு வருகிறார். போன மாரிக்கு அணைந்த ஒழுங்கை முகப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. தனியார் பஸ் நடத்துநர் மிச்சக்காசு தருவதில்லை. கேட்டால் வெளியே பார்க்கிறார். கிழக்கு வேலிக்காரர் கதியால் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நாலு விரற்கடை இந்தப் பக்கமாகத் தள்ளி நடுகிறபடியால், அதிமேதகு அவர்கள் நேரில் தலையிட்டு எல்லையை நிச்சயித்துத் தரல் வேண்டும்.

விக்ஞாபனம் கொழும்புக்குப் போயிருந்த காலத்தில் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. நவம்பர் மாதத்தில், பலாலிப் பக்கமாக முப்பது வருஷத்துக்கு மேல் மூடிக்கிடந்த ஒரு வீதியைத் திறந்துவிட்டார்கள். அண்ணருக்கு அந்தத் திசையில் உறவுமில்லை, அலுவலுமில்லை. ஆனாலும் மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டு போய், இருபக்கமும் மண்டிக்கிடந்த பற்றையையும் கூரையற்ற வீடுகளையும் பார்த்துவிட்டு வந்தார். அன்று சந்தியில் அவர் அதிகம் பேசவில்லை. மறுநாள்தான் பேசினார்: "திறந்தது சரி, றோட்டு முழுக்கக் கிடங்கு."

மற்றது பெப்ரவரி 9ஆந் திகதி நடந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறிய காரணத்தால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோயிற்று என்று மந்திரியே அறிவித்தார். அடுத்த மாதம் 15ஆந் திகதி காலை எட்டு மணியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு, குடிமக்கள் தத்தம் வளவில் நின்று குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணி எழுதவேண்டும் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டது. அண்ணர் ஏழு ஐம்பதுக்கே கடிகாரமும் பென்சிலுமாக முற்றத்தில் நின்றார். எட்டு ஐந்துக்குத் தாளில் ஒன்றுமில்லை. எட்டு ஏழுக்கு, பயற்றங்கொடியில் இரண்டு மயில் இறங்கின. சட்டத்தை மதிப்பவராகையால் அவற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு முதன்முறையாக, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்தச் சீவராசிகளைக் கவனிக்காமல் விட்டுவிட்டதோ என்ற ஐயம் அவர் முகத்தில் தென்பட்டது.

"அவரும் பாவம்," என்றார். "மனிசரை வைச்சே ஒண்டும் செய்யேலாமக் கிடக்கு."

விக்ஞாபனத்துக்கு மறுமொழி வந்தது. கிடைத்தது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு கடிதம். அதை அண்ணர் கண்ணாடிச் சட்டம் போட்டாலும் போட்டிருப்பார். பிறகு அந்தக் கொப்பித்தாளின் பிரதி கச்சேரிக்கு வந்து, அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு இறங்கி, இறுதியாக அவர் வீட்டுக்குப் பின்வீதியிலுள்ள கிராம அலுவலரின் மேசையை அடைந்தது. அலுவலர் இளைஞர், அண்ணரின் மருமகன் முறை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"விளக்குப் பிரதேச சபை வேலை, மாமா, வேலிப்பிரச்சினையை மத்தியஸ்த சபைக்குப் போடலாம். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்டைக்கே எழுதித் தந்திருப்பனே."

"உனக்கு என்ன அதிகாரம் இருக்குத் தம்பி?" என்று அண்ணர் வாஞ்சையோடு கேட்டார்; தேத்தண்ணியும் கொடுத்தார்.

ஜனாதிபதி முறையை ஒழித்துவிடுவதாக இந்த அரசாங்கமும் வாக்களித்திருக்கிறதே என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். அண்ணர் திடுக்கிட்டார். "அதை எடுத்தால் பிறகு ஆருக்கு எழுதுறது?"

2025 மே 6ஆந் திகதி, ஏழு வருஷத்துக்குப் பின்னர் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் நின்றவர்களுள் அதே ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணும் ஒருவர். துண்டுப்பிரசுரக் கட்டோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அண்ணர் கதிரை கொடுத்து இருத்தி, வந்தால் என்ன செய்வாய் என்று விசாரித்தார். ஒழுங்கை விளக்கை முதல் மாதமே போடுவேன், வாய்க்காலைத் துப்புரவாக்குவேன், குப்பை வண்டியைக் கிழமைக்கு இரண்டு தரம் வரச்செய்வேன் என்று அவள் விரல்விட்டு எண்ணினாள். அண்ணர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல பிள்ளை," என்றார் முடிவில். "ஆனால் இதுகளுக்கெல்லாம் நீ அலையாதை மோனை. நான் ஜனாதிபதியிட்டைச் சொல்லியிருக்கிறன்."