மீதிப் பணத்தைத் திருப்பி அனுப்பக் கோருதல்

அனுப்புநர்: ஒரு குடும்பத் தலைவி, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு அதிகாரிகள், தேசியப் புள்ளியியல் அலுவலகம், புது தில்லி.

பொருள்: எங்கள் பெயரில் செலவானதாகக் காட்டப்பட்டு, எங்கள் கைக்கு வந்து சேராத தொகை தொடர்பாக.

பார்வை: தங்களின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு, 2022–23.

ஐயா,

2022 ஆகஸ்டிலிருந்து 2023 ஜூலை வரை வீடு வீடாக ஆள் அனுப்பி, யார் என்ன தின்றார்கள், எதை உடுத்தினார்கள் என்று விசாரித்தீர்கள். தமிழ்நாட்டில் நகரத்து ஆள் ஒருவர் மாதம் 7,630 ரூபாயும் கிராமத்து ஆள் 5,310 ரூபாயும் செலவழித்ததாகக் கணக்கு முடித்தீர்கள். அப்போது நாட்டுச் சராசரி நகரத்தில் 6,459, கிராமத்தில் 3,773தான். நாம் இவ்வளவு வசதியாகவா இருக்கிறோம் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது.

பென்னாகரம் பேரூராட்சி என்பதால் நாங்கள் நகரத்தார். வீட்டில் நாலு பேர். தலைக்கு 7,630 என்றால் மாதம் 30,520 ரூபாய் ஆகிறது. எங்கள் வீட்டில் சாப்பாடு, வாடகை, கரண்டு, கேஸ், பஸ், மருந்து எல்லாம் சேர்த்தும் செலவு இருபதாயிரத்தைத் தாண்டாது. தாண்டச் சம்பளமும் கிடையாது. அப்படியானால் மாதாமாதம் பத்தாயிரத்துச் சொச்சத்தை எங்கள் பெயரைச் சொல்லி வேறு யாரோ செலவழித்துவருகிறார்கள். உங்கள் அறிக்கையிலேயே துப்பு இருக்கிறது. நாட்டின் நகரங்களில் மேல்தட்டு ஐந்து சதவீதத்தார் தலைக்கு 20,824 ரூபாய் செலவழித்தார்களாம், அடித்தட்டு ஐந்து சதவீதத்தார் 2,001. முதல் கோஷ்டியை நாலு கேள்வி கேட்டால் எங்கள் பணம் அகப்பட்டுவிடும்.

அதுவரை சிக்கனத்துக்கு ஒரு வழியை நாங்களே கண்டுபிடித்திருக்கிறோம். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு பேரூராட்சி எல்லையைத் தாண்டிக் குடியேறிவிட்டால் நாங்கள் கிராமத்தார். செலவு 21,240 ஆக இறங்கி, ஒரே நாளில் 9,280 ரூபாய் மிச்சம். கேஸ்காரரும் எண்ணெய்க்காரரும் எல்லைக்கல்லைப் பார்த்து விலை சொல்வதில்லையே என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்குப் புள்ளியியல் தெரியாது.

இலவசமாக வந்த பொருளுக்கெல்லாம் நீங்களே விலை போட்டு, அதைச் செலவில் சேர்த்து இன்னொரு சராசரியும் எடுத்திருக்கிறீர்கள். ரேஷன் அரிசி, பிள்ளையின் சைக்கிள், பள்ளிச் சீருடை எல்லாம் அதில் வருகிறது. 2023இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரெண்டு கிலோ அரிசிக்குப் பதில் ரெண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைக் களி கிண்டிச் சாப்பிட்டோமே, அந்த விலையில்லாக் களிக்கும் உங்கள் நோட்டில் ஒரு விலை உண்டு. நாங்கள் கொடுக்காத காசு செலவில் ஏறுகிறது. சந்தோஷம். கொடுத்த காசு எங்கே ஐயா?

குழுக் கடனுக்கு வாராவாரம் தவணை கட்டுகிறோம். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டுகிறோம். தோட்டை அடகு வைத்த இடத்தில் வட்டி ஓடுகிறது. கடன் அடைப்பதும் வட்டியும் நுகர்வுச் செலவில் சேராது என்பது உங்கள் விதி. வாஸ்தவம்தான், வட்டியை யாரும் தின்ன முடியாது. எங்களைத்தான் அது தின்கிறது.

மொய்யும் அப்படித்தான், உங்கள் கணக்கில் வராது. எங்கள் வீட்டு மொய் நோட்டை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அட்டை கிழிந்து, கோணி ஊசியால் தைத்தது. பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘ஏரியூர் சின்னம்மா 501’, ‘பாப்பாரப்பட்டி பெரியப்பா 201, ஒரு குடம்’ என்று வரிசையாக இருக்கும். திருப்பிச் செய்ததற்கு மட்டும் பக்கத்தில் ஒரு டிக். 501 வாங்கினால் 501ஆகவே திருப்பிச் செய்ய முடியுமா? 1,001 வைக்க வேண்டும். ஆவணி, தை, வைகாசி வந்துவிட்டால் ஒரே முகூர்த்தத்தில் மூன்று பத்திரிகை வரும். காய்கறியைக் குறைத்துக் கட்டுப்படுத்தலாம், சின்னம்மாவைக் குறைக்க முடியாது.

பள்ளிக்கூடச் செலவை வருஷத்துக்குக் கேட்டு வாங்கி, மாதக் கணக்காக மாற்றிக்கொள்கிறீர்கள். அழகான ஏற்பாடு. எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தால் புண்ணியம். அவர்கள் ஜூன் மாதமே மொத்தமாகக் கேட்கிறார்கள். அந்த மாதம் எங்கள் தெரு ஆடுகளில் பாதி செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய்விடும், விலை படியாவிட்டாலும் தள்ளிவிட்டு வருவோம். உங்கள் சராசரி மாதத்தில் தீபாவளி இல்லை, காய்ச்சல் இல்லை, ஜூன் இல்லை. அப்படி ஒரு மாதம் காலண்டரில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் நானும் அதில் பட்ஜெட் போடுவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்கள்மேல் எனக்குப் பொறாமை. 2017–18இல் எடுத்த கணக்கின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் கைவிட்டீர்கள். மாதக் கடைசியில் மளிகைக்கடை அண்ணன் நோட்டை நீட்டும்போது “அண்ணா, இந்த மாதத் தரவின் தரம் சரியில்லை, வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம்” என்று சொல்ல எனக்கும் ஓர் அதிகாரம் தந்தால் போதும். வேறு மானியம் கேட்க மாட்டேன்.

அடுத்த சுற்றுக்கு ஆள் அனுப்பும்போது சில விவரங்களைக் கவனிக்கவும். கறி, முட்டை, காய்கறிக்குக் கடந்த ஏழு நாளைத்தான் கேட்பீர்களாமே. ஊர்ப் பண்டிகை முடிந்த வாரம் வந்தால் பென்னாகரத்தார் தினமும் கறி தின்பவர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். 2022–23 கணக்கெடுப்பின் கடைசி மாதம் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, அரசே ரேஷன் கடையில் அறுபது ரூபாய்க்கு விற்றது. விலை விழுந்தால் இதே மாவட்டத்தில் பறிகூலி கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுவோம். எந்த வாரம் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து நாங்கள் பணக்காரர்.

மது பற்றிய கேள்வியை ஆண்கள் இருக்கும்போது கேட்க வேண்டாம். “நமக்கு அந்தப் பழக்கமே இல்லைங்க” என்பார்கள். பின்னால் நிற்கிற பெண்கள் முகட்டைப் பார்ப்பார்கள். டாஸ்மாக்கின் வருஷ வருமானத்தையும் உங்கள் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அந்தச் சரக்கையெல்லாம் யார்தான் குடிக்கிறார்கள் என்று உங்களுக்கே மலைப்பாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வர வேண்டாம், சந்தை நாள், வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். மற்ற நாள் வந்தால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். போன வருஷம் துணிக்கு என்ன செலவு என்றால் தலையைச் சொறிகிற நாங்கள், இதற்கு ஆள், தேதி, வட்டி சகிதமாக ஒப்பிப்போம். எழுத உங்கள் படிவத்தில் இடமில்லையென்றால், எங்கள் மொய் நோட்டில் கடைசி நாலு பக்கம் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
தலைக்கு 7,630 ரூபாய் செலவழித்ததாகத் தெரியவந்துள்ள நகரவாசி.