கைராசி டாக்டரும் கை கழுவும் டாக்டரும்

கேள்வி: எங்கள் தெரு டாக்டரிடம் எப்போதும் கூட்டம்தான். டோக்கன் வாங்கக் காலை ஆறு மணிக்கே போக வேண்டும். நல்ல டாக்டர் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பிரியாணிக் கடைக்குக் கூட்டம் நல்ல சான்று. அண்டா சீக்கிரம் காலியானால் சோறு பழசாக வழியில்லை. கிளினிக்கில் கணக்கு வேறு. மாலை மூன்று மணி நேரத்தில் 90 பேரைப் பார்த்தால் ஆளுக்கு 2 நிமிடம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. டாக்டர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் பங்களாதேஷில் 48 நொடி, ஸ்வீடனில் 22.5 நிமிடம். இந்தியா பங்களாதேஷ் பக்கம்தான் நிற்கிறது.

ஆகவே வாசலில் நிற்கும் தலைகளை எண்ண வேண்டாம். உள்ளே டாக்டர் கேட்கும் கேள்விகளை எண்ணுங்கள். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?” இந்த இரண்டையும் கேட்காமல் பேனாவை எடுப்பவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஒருவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரைத் தொடுமுன் கை கழுவுகிறாரா என்பதையும் கவனியுங்கள். கைராசி அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: போர்டு முழுக்கப் பட்டங்கள். ஒருவர் ‘எம்.டி. (ரஷ்யா)’ என்று போட்டிருக்கிறார். அது எம்.பி.பி.எஸ்.ஸைவிடப் பெரிய படிப்பா? (வாசகர், விருதுநகர்)

பதில்: இல்லை. ரஷ்யாவில் முதல் மருத்துவப் பட்டத்துக்கே அந்தப் பெயர். நம் ஊர் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். அங்கே படித்தவர் இங்கே தகுதித் தேர்வில் தேறிய பிறகே பதிவு எண் பெற முடியும். அதனால் பட்டங்களின் வரிசையை விட்டுவிட்டு அந்த எண்ணைத் தேடுங்கள். கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அது இருக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தட்டிச் சரிபார்க்கலாம். 1914-ஆம் ஆண்டின் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் தொடங்கி வைத்த பதிவேடு அது.

டாக்டருக்குத் தனிப் பதிவு, கிளினிக்குக்குத் தனிப் பதிவு. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-இலேயே வந்தது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று. வரவேற்பறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழும் தொங்குகிறதா பாருங்கள்.

கேள்வி: ஊசி போடாத டாக்டரை என் மாமியார் டாக்டராகவே ஒத்துக்கொள்வதில்லை. என்ன செய்ய? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் தன் நாளில் தானே இறங்கும். ஊசி அந்த நாளைக் குறைப்பதில்லை. ஒரே ஊசியில் மறுநாள் துள்ளி எழுந்தால் அதில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்திருக்கக்கூடும். காய்ச்சலும் வலியும் அடங்கும். உள்ளே இருக்கும் நோய் மறைந்துகொள்ளும், சர்க்கரை எகிறும். “என்ன ஊசி டாக்டர் இது?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

ஊசி உண்மையிலேயே தேவை என்றால், புது உறையைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். சிலர் முனையை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சை அடுத்தவருக்குப் பயன்படுத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறியிருந்தாலே கிருமி பரவப் போதும். 2009-இல் குஜராத்தின் மொடாசாவில் மஞ்சள் காமாலை பல உயிர்களைக் கொண்டுபோனபோது, விசாரணை போய் நின்றது மறுபடி பயன்படுத்திய சிரிஞ்சுகளில்தான். 2019-இல் பாகிஸ்தானின் ரத்தோடேரோவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. பாதுகாப்பில்லாத ஊசிகளே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் சாதாரணக் காய்ச்சலுக்காகக் கிளினிக் படியேறியவர்கள்.

போட்ட ஊசி எங்கே போகிறது என்றும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள்படி அது துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் விழ வேண்டும்.

கேள்வி: குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனேன். கிளினிக் ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டும் இருந்தது. பரவாயில்லையா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: கூடாது. பாலுக்காக ஒரு தரம், தயிருக்காக ஒரு தரம் என்று கதவு திறக்கத் திறக்க வெப்பம் ஏறி இறங்கும். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெப்பம் ஏறினாலும் கெடும். ஹெபடைடிஸ்-பி போன்றவை உறைந்தாலும் கெடும். உள்ளே வெப்பமானியும், அதைத் தினமும் பார்த்து எழுதும் அட்டையும் உண்டா என்று கேளுங்கள். குப்பியில் சிறிய வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருந்தால், சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்க வேண்டும்.

கேள்வி: லண்டனில் என் மகள் போகும் கிளினிக்கில் ‘நன்று’ என்று அரசே மதிப்பெண் போட்டு ஒட்டியிருக்கிறதாம். இங்கே அப்படி இல்லையே? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: 2009-இல் பணி தொடங்கிய ‘கேர் குவாலிட்டி கமிஷன்’ இங்கிலாந்தில் அந்த வேலையைச் செய்கிறது. அதன் ஆய்வாளர்களுக்கு ஐந்து கேள்விகள். பாதுகாப்பானதா? சிகிச்சை பலன் தருகிறதா? பரிவு உண்டா? தேவை அறிந்து நடக்கிறார்களா? நிர்வாகம் ஒழுங்கா? ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரை நான்கு தரங்கள். முடிவை நோயாளிகள் பார்க்கும் இடத்தில் ஒட்டுவது 2015 ஏப்ரல் முதல் கட்டாயம். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. பல இடங்களின் மதிப்பெண் பழசாகிவிட்டது என்று 2024-இல் வந்த மறுஆய்வு அந்த ஆணையத்தையே கண்டித்தது. தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள் மகளிடம்.

இங்கே ஒட்டுவதற்கு மதிப்பெண் இல்லை. அந்த ஐந்து கேள்விகளை நாம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: டாக்டர் எழுதுவது எனக்குப் புரிவதில்லை. மெடிக்கல் ஷாப்காரர் மட்டும் எப்படிப் படிக்கிறார்? (வாசகர், ஓமலூர்)

பதில்: பழக்கத்தால் பாதி, மீதி ஊகம். அந்த மீதியில்தான் ஆபத்து. மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடியவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் விதி திருத்தப்பட்டது. “கொஞ்சம் பிரிச்சு எழுதுங்க டாக்டர்” என்று கேட்கலாம்.

பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு மஞ்சப்பையில் சேர்த்து எடுத்துப் போங்கள். சீட்டை எழுதுமுன் அந்தப் பையை வாங்கிப் புரட்டிப் பார்க்கும் டாக்டர் கிடைத்தால், கும்பகோணம் வாசகி போல நீங்களும் காலை ஆறு மணி டோக்கனுக்கு அலாரம் வைக்கலாம்.