ஆடிக் காற்றுக்கும் எரியும் விளக்கு

கேள்வி: ஆள் வந்தால் தானாக எரிந்து, செல்போனுக்கும் சேதி அனுப்பும் சென்சார் விளக்கை முற்றத்தில் மாட்டினோம். ஆடி மாதம் முழுக்க ஆளில்லாமலே எரிகிறதே, பேய் நடமாட்டமா? (வாசகி, ஆரல்வாய்மொழி)

பதில்: முப்பந்தல் காற்றாலைகளையே சுற்றவைக்கிற காற்று, உங்கள் வீட்டு வாழை இலையைச் சும்மா விடுமா? அந்தச் சென்சார் உருவத்தைப் பார்ப்பதில்லை. வெப்பம் நகர்வதைத்தான் பார்க்கிறது. வெயிலில் காய்ந்த சுவருக்கு முன்னால் இலை ஆடினாலும் அதற்கு ஆள் வந்த கணக்குதான். வாழையை வெட்ட வேண்டாம், சென்சாரை நடைப்பக்கம் திருப்புங்கள்.

ஒன்று முக்கியம். பாம்பின் உடம்பு சுற்றுப்புறச் சூட்டிலேயே இருக்கும். அது ஊர்ந்து போனால் பெரும்பாலும் விளக்கும் எரியாது, சேதியும் வராது. ராத்திரி முற்றத்தில் இறங்கும்போது டார்ச்சை மறக்காதீர்கள்.